காரின் ஏசி குளிர் தரவில்லையா? காஸ் நிரப்பக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதல் வெயில் அடித்த கிழமையே கராஜ்களில் வரிசை தொடங்கிவிடும். "அண்ணை, காஸ் முடிஞ்சுபோச்சு, ஒருக்கா அடிச்சு விடுங்கோ" என்று சொல்லிக் காரைக் கொடுக்கிறோம். காசும் கட்டுகிறோம். இரண்டு மூன்று கிழமை நல்ல குளிர் வரும், பிறகு பழையபடி வெறுங்காற்று.

காரின் ஏசியில் உள்ள காஸ் பெற்றோலைப்போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. ரப்பர்க் குழாய்கள், மூட்டு வளையங்கள் வழியாக வருடக்கணக்கில் மிகச் சிறிதளவு கசிவது இயல்புதான். எட்டு, பத்து வருடம் ஓடிய காரில் குளிர் கொஞ்சம் குறைந்தால் நிரப்புவது நியாயம். போன வருடம் நிரப்பி இந்த வருடம் குளிர் இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் மறுபடி நிரப்புவது வீண்செலவு. காஸ் சரியாக இருக்கும்போதே குளிர் நின்றுபோகும் காரணங்களும் பல உண்டு. அவற்றில் சிலவற்றை வீட்டு வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கார் ஏசியை ஆடம்பரமாகப் பார்த்தார்கள். 2019 ஜூலை 25இல் பாரிஸில் 42.6 பாகை, 2022 ஜூலை 19இல் இங்கிலாந்தில் 40.3 பாகை, 2021 ஜூன் 29இல் கனடாவின் லிற்றன் கிராமத்தில் 49.6 பாகை என்று வெப்பம் பதிவானபின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கென்று அப்பப்பாவையும் கைக்குழந்தையையும் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு ஆறு ஏழு மணித்தியாலம் ஓடுகிறவர்கள், நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டால் ஏசி இல்லாமல் என்ன பாடு என்பதை அறிவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சினோடு சுற்றும் கொம்பிரஸர் காஸை அமுக்கிச் சூடாக்கி, காரின் முன்பக்கம் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்ஸருக்குத் தள்ளும். அங்கே வெளிக்காற்றுப் பட்டு அது ஆறித் திரவமாகும். பிறகு ஒடுங்கிய ஒரு வால்வைத் தாண்டி டாஷ்போட்டுக்குப் பின்னால் உள்ள ஆவியாக்கிக்குள் விரிந்து ஆவியாகும்போது, அதன்மேல் வீசும் காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆர்-134ஏ என்ற காஸ் சாதாரண வளியமுக்கத்தில் மறை 26 பாகையிலேயே கொதிப்பது. இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள்: கொம்பிரஸருக்கு வேண்டிய எண்ணெயும் இந்தக் காஸோடு சேர்ந்துதான் ஓடுகிறது. காஸ் குறைந்தால் குளிர் மட்டும் போவதில்லை, கொம்பிரஸரும் எண்ணெயின்றித் தேயும்.

வாசலில் நின்று பார்க்கக்கூடியவை

முதலில் காற்றின் அளவைக் கவனியுங்கள். குளிர் இருக்கிறது, காற்றுத்தான் பலமில்லை என்றால், காஸில் கை வைக்கவே தேவையில்லை. பெரும்பாலும் உட்காற்றுப் பில்ரர் தூசியால் அடைத்திருக்கும். பல கார்களில் அது முன் இருக்கைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றலாம். விசிறி கடைசி வேகத்தில் மட்டும் வேலை செய்து மற்ற வேகங்களில் நின்றால், அநேகமாக அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைதான் போயிருக்கும்.

காற்று பலமாக வந்தும் குளிர் இல்லையென்றால், சமையலறை வெப்பமானி ஒன்றை நடு வாய்க்குள் செருகுங்கள். வெப்பநிலையை ஆகக் குறைவாக வைத்து, உட்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சாதாரணக் கோடை நாளில் 5 முதல் 10 பாகைக்குள் காட்டினால் ஏசி சுகமாக இருக்கிறது. கடும் வெயிலும் ஈரப்பதனும் சேர்ந்த நாளில் இதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும், பயப்பட வேண்டாம்.

ஓடும்போது குளிர், சிக்னலில் நின்றால் சூடு என்பது பலருக்கு வரும் முறைப்பாடு. இதில் முதல் சந்தேகம் கொண்டென்ஸருக்குக் காற்றுத் தரும் மின்விசிறிமேல்தான். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும், நின்றால் விசிறி வேண்டும். வெயில் நாளில் பொனற்றைத் திறந்து, ஏசியைப் போட்டுச் சிறிது நேரம் எட்ட நின்று பாருங்கள். விசிறி சுற்றத் தொடங்க வேண்டும். சால்வை, சேலைத் தலைப்பு, பிள்ளைகளின் கை எதுவும் கிட்டப் போகக் கூடாது. கொண்டென்ஸரில் இலையும் பூச்சியும் அப்பிக்கிடந்தாலும் இதே குணம்தான். மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். அழுத்தக் குழாயைப் பிடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

முதல் அரை மணித்தியாலம் நல்ல குளிர், பிறகு காற்றே வருவது குறைகிறது, ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் விட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது என்றால், ஆவியாக்கியில் பனி கட்டுகிறது. அடைத்த பில்ரர், பழுதான வெப்ப உணரி, குறைந்த காஸ் மூன்றும் இதைச் செய்யும். சாரதிப் பக்கம் குளிர், மற்றப் பக்கம் சூடு, டாஷ்போட்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் என்றால், சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவின் சிறு மோட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் சூடாவது காஸ் குறைந்தாலும் வரலாம்.

குளிரே இல்லையென்றால் கொம்பிரஸர் வேலை செய்கிறதா என்பதே கேள்வி. பழைய வகையில் ஏசியைப் போட்டதும் கிளிக் என்று கேட்டு, பெல்ற்றுச் சில்லின் முன்தட்டுச் சேர்ந்து சுற்றும். புதிய கார்கள் பலவற்றில் கிளச்சே இல்லை, தட்டு எப்போதும் சுற்றும். அங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பியூஸைப் பாருங்கள். அது நல்லதென்றால், காஸ் குறைந்ததால் அமுக்க உணரி கொம்பிரஸரைத் தடுத்திருக்கலாம். அந்த உணரியைக் கம்பியால் இணைத்து ஏமாற்றச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகள் இருக்கின்றன. செய்துவிடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் கொம்பிரஸரை ஓடவிடுகிற வேலை அது.

கராஜில் கேட்க வேண்டியது

பொனற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கும் துண்டில் காஸின் வகையும் நிறையும் எழுதியிருக்கும். சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 800 கிராமுக்குள். நிரப்பும் இயந்திரம் முதலில் பழையதை உறிஞ்சி நிறுக்கும். "எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேளுங்கள். 550 கிராம் கொள்ளும் காரில் 520 கிராம் கிடைத்தால் பழுது காஸில் இல்லை. 150 கிராம்தான் கிடைத்தது என்றால் கசிவு நிச்சயம், அதைத் தேடச் சொல்லுங்கள். வெற்றிடம் பிடித்துப் பார்த்து "நிற்கிறது" என்று சொல்வதோடு விடக்கூடாது; சில ஓட்டைகள் அமுக்கம் ஏறும்போதுதான் திறக்கும். நைதரசன் அமுக்கச் சோதனை, ஊதாக்கதிர் விளக்கில் ஒளிரும் சாயம், மின்னணு மோப்பக்கருவி ஆகியவை அதற்குத்தான். கல் அடியும், பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பும் நேரே படுவதால் கொண்டென்ஸரே அடிக்கடி ஓட்டையாகிறது. தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு எங்கே தெரிகிறதோ அதுவும் ஒரு தடயம்.

காஸின் வகையில் கவனம் வேண்டும். 1990களின் முற்பகுதிவரை ஆர்-12; அது ஓசோனைச் சிதைப்பதால் ஒதுக்கப்பட்டு ஆர்-134ஏ வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கப்படும் புதிய கார்களில் அதற்கும் இடமில்லை. பெரும்பாலும் ஆர்-1234வைஎப் வருகிறது. இது விலை பல மடங்கு கூடியது, மெல்லத் தீப்பற்றக் கூடியது. விலையைப் பார்த்துப் புதிய காருக்குள் பழைய காஸை இணைப்பான் போட்டு ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. கலப்படம் தெரிந்தால் அடுத்த கராஜ் தன் இயந்திரத்தை உங்கள் காரில் மாட்டாது. கசிவை அடைக்கும் பசை கலந்த பேணிகளுக்கும் இதே கதைதான்.

"தெரிஞ்ச பெடியன் பின்வளவிலை மலிவாய் அடிச்சுத் தருவான்" என்பது எங்கள் ஆட்களிடம் வழமை. பெடியன் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கார் ஏசிக் காஸைக் கையாளப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், வேண்டுமென்றே வெளியே திறந்துவிடுவது சட்டவிரோதம். 100 வருடக் கணக்கில் ஆர்-134ஏ கரியமிலவாயுவைப்போல 1430 மடங்கு வெப்பமூட்டும். அரைக் கிலோவை விட்டால் 700 கிலோவுக்கு மேல் விட்டதற்குச் சமன். சீறி வரும் காஸ் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும். வட அமெரிக்காவில் கடையில் வாங்கும் பேணியைத் தவறி உயரமுக்கப் பக்கத்தில் மாட்டினால் பேணி வெடிக்கலாம்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கொம்பிரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். அவற்றுக்கு மின்கடத்தாத வேறு எண்ணெய் வேண்டும், சாதாரணக் காரின் எண்ணெய் சேர்ந்தால் மின்காப்பே கெடும். பல மின்சாரக் கார்களில் பற்றரியையும் இதே சுற்றுத்தான் ஆற்றுகிறது. ஏசி பழுதானால் விரைவு மின்னேற்றமும் மெதுவாகலாம்.

பனிக்காலத்திலும் மாதத்தில் ஒருதடவையாவது பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள். எண்ணெய் ஓடி மூட்டு வளையங்கள் காயாமல் இருக்கும். முன்கண்ணாடியின் புகாரை நீக்கும் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் ஏசி தானாகவே ஓடிக் காற்றை உலர்த்துகிறது. ஆனால் வெளியே உறைநிலையை அண்டினால் பெரும்பாலான கார்கள் கொம்பிரஸரை ஓடவிடாது. தை மாத ரொறன்ரோவில் ஏசி இயங்கவில்லை என்று கராஜுக்கு ஓடத் தேவையில்லை. சோதிப்பதென்றால் வெளியே 15 பாகை தாண்டும்வரை பொறுத்திருங்கள்.