அச்சு முறுக்கும் வாஃபிளும் ஒரு டச்சுச் சொல்லும்

"பிறந்தநாளுக்குக் காலைல கலர் கலரா வாஃபிள் வேணும்" என்றாள் மகள். சங்கரன்கோவிலில் எங்க வீட்டு விசேஷக் காலை டிபன் என்றால் இட்லி, வடை, கேசரி. கலர் என்றால் கேசரியோட கலர் மட்டும்தான். இருந்தாலும் மின்சார வாஃபிள் மேக்கர் வாங்கியாச்சு. அந்தக் கட்டம் போட்ட தட்டைப் பார்த்த அம்மா, "நம்ம அச்சு முறுக்கு அச்சு மாதிரில்லா இருக்கு" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது டச்சுக்காரன் கொண்டு வந்தது" என்றேன். பல வருஷமா நண்பர்களிடமும் இப்படித்தான் அடிச்சுச் சொல்லிட்டிருந்தேன். அம்மாவுக்குக் கோபம். "எங்கம்மா ஆடித் தபசு கடையில காசு கொடுத்து வாங்கின அச்சு. டச்சுக்காரன் எங்க வந்தான்?"

என் தியரி இதுதான். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் அச்சுப் பலகாரத்தின் பெயர் கொக்கிஸ். டச்சு மொழியில் சின்னக் கேக்குக்கு 'கூக்யே'. அதிலிருந்து வந்த சொல். 1658ல் யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், தூத்துக்குடி மூன்றும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போச்சு. தூத்துக்குடி நமக்குக் கோவில்பட்டி வழியா ஒரு பஸ் தூரம். கணக்கு சரியா உட்கார்ந்த மாதிரி தெரிஞ்சது.

அம்மா கேட்ட பிறகு மறுபடி டீபக் பண்ணினேன். அதே 'கூக்யே'தான் அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் வழியா ஆங்கிலத்தில் 'குக்கீ' ஆனது. ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் அச்சு முறுக்கை 'ரோஸ் குக்கீஸ்' என்கிறார்கள். நான் பிரவுசரில் தினம் அழிக்கிற குக்கீயும் அதே வம்சம். சொல் எங்கெங்கோ போயிருக்கு. ஆனா சொல் போன வழியிலேயே இரும்பும் போயிருக்கணும்னு என்ன கட்டாயம்? இதே மாதிரி அச்சுப் பலகாரம் போர்ச்சுகல், ஸ்பெயின், ஸ்வீடன், மெக்சிகோ எல்லா இடத்திலும் இருக்கு. தமிழிலும் மலையாளத்திலும் பெயரில் டச்சு வாடையே இல்லை: அச்சு முறுக்கு, அச்சப்பம். கொக்கிஸ் என்ற ஒரு பெயரை வச்சு, திருநெல்வேலிச் சீமை அடுப்படி வரை டச்சுக்காரனை இழுத்து வந்தது என் தப்பு.

வாஃபிளுக்கு வம்சம் வேறே. சர்ச்சில் நற்கருணை அப்பம் சுட்ட, நீளக் கைப்பிடி வச்ச இரட்டைத் தட்டு இரும்புதான் அதன் மூதாதை. புரூகல் 1559ல் வரைந்த திருவிழா ஓவியத்திலேயே ஒரு பெண் வாஃபிள் சுடுகிறாள். 1869 ஆகஸ்ட் 24ல் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் அமெரிக்காவில் அடுப்பில் வைக்கிற வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார். வாஃபிளில் ரெண்டு சூட்டுத் தட்டுக்கு நடுவில் மாவு வேகும். அச்சு முறுக்கில் எண்ணெயில் காய்ந்த அச்சை மாவில் முக்கால்வாசி முக்கி, திரும்ப எண்ணெயில் விடணும். மேல் விளிம்பு வரை மாவு ஏறிட்டால் கழலாது. சூடு பத்தலைன்னா மாவு ஒட்டவே ஒட்டாது. சூடான இரும்பே உருவம் கொடுக்குது என்பதில் மட்டும் ரெண்டும் ஒண்ணு. அந்த அளவுக்கு அம்மா பார்த்தது சரிதான்.

பிறந்தநாள் காலை: பீட்ரூட், சங்குப்பூ, மஞ்சள். தயிர் விட்ட மாவில் சங்குப்பூத் தண்ணீரை ஊத்தினதும் நீலம் ஊதாவாச்சு. புளிப்பு பட்டால் அந்த நிறமி அப்படித்தான். பீட்ரூட் சூட்டில் வெளுத்து, வெளியே பழுப்பு, பிய்ச்சா உள்ளே மட்டும் ரோஸ். மஞ்சள் மட்டும் போட்டபடியே நின்றது. கொக்கிஸுக்கும் நிறம் மஞ்சள்தூள்தான்.

மகள் ஊதாவில் மூணு சாப்பிட்டாள். அம்மா ஒரு துண்டு பிய்ச்சுப் பார்த்துட்டு, "மெத்துனு இருக்கு" என்று வச்சுட்டார். அப்புறம் பரணிலிருந்து அச்சை இறக்கி, புளி போட்டுத் தேய்ச்சு, அரிசி மாவில் தேங்காய்ப்பால் விட்டு, மீதி மஞ்சள்தூளையும் கலந்தார். முதல் ரெண்டு அச்சை விட்டு வரலை. மூணாவது பூவா கழன்று எண்ணெயில் மிதந்தது.