மோன்ஜின் விவரண வடிவியல்: படைத்துறை இரகசியம் பாடநூலான வரலாறு

பொறியியல் வரைபடப் பாடநூல்கள் வீழல் விதிகளைப் பெரும்பாலும் வரலாறற்ற மரபுகளாகவே அறிமுகம் செய்கின்றன. முதல் கோண வீழலில் முன் தோற்றத்தின் கீழ் மேல் தோற்றத்தை வரைவது ஏன் என்னும் வினா, 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் கோட்டை அரண்களுக்கு இட்டுச்செல்கிறது.

மெசியேர் படைப் பொறியியல் பள்ளியில் வரைவாளராக இருந்த காஸ்பார் மோன்ஜ் (1746–1818) ஒரு வணிகரின் மகன். உயர்குடிப் பிறப்பு இன்மையால் அங்கு மாணவராகும் தகுதி அவருக்கு இல்லை. எதிரியின் பீரங்கிக்கு உட்புறம் இலக்காகாதவாறு அரணைத் திட்டமிடும் பணி அவரிடம் தரப்பட்டது. நீண்ட கணக்கீடுகளால் செய்யப்பட்டுவந்த இதனை அவர் வரைந்தே முடித்தார். இத்துணை விரைவில் விடை கிட்டாது எனக் கருதிய அதிகாரி முதலில் அதனைப் பார்க்கவும் மறுத்தாராம். சரியென உறுதியானதும் அம்முறை படைத்துறை இரகசியமாயிற்று.

கிடைப்படமும் முகப்புப்படமும் மோன்ஜுக்கு முந்தியவை. கல்தச்சர்கள் அவற்றைக் கையாண்டனர். டியூரரின் 1525ஆம் ஆண்டு நூலிலும் அவை உண்டு. மோன்ஜ் செய்தது வேறு. ஒரு புள்ளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் வீழ்த்தி, அத்தளங்கள் வெட்டும் கோட்டை அச்சாகக் கொண்டு ஒன்றைச் சுழற்றி இரண்டையும் ஒரே தாளாக்கினார். கிடைத்தளம் கீழ்நோக்கி மடிவதாகக் கொள்வதால் மேல் தோற்றம் கீழே அமைகிறது. வரைபடம் பொருளைக் காட்டுவதோடு நில்லாமல், கோட்டின் உண்மை நீளத்தையும் பரப்புகளின் வெட்டுக்கோட்டையும் கண்டறியும் கருவியாயிற்று. தொழிற்கூட வழக்கு வடிவியலாக மாறிய இடம் இதுவே எனலாம்.

பூட்டைத் திறந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1795இல் பாரிசின் எக்கோல் நார்மாலில் மோன்ஜ் ஆற்றிய விரிவுரைகள் சுருக்கெழுத்தில் பதிவாயின, 1799இல் நூலாயின. எக்கோல் பொலிடெக்னிக்கில் பயின்ற குளோட் குரோசே அம்முறையை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டுக்குக் கொண்டுசென்று, 1821இல் ஆங்கிலத்தில் பாடநூல் எழுதினார். அதுவும் ஒரு படைப் பள்ளியே.