நெருப்பு 9 அங்குலம் உயர்ந்த கதை

அமெரிக்காவின் தேசிய வனங்களில் கூடாரம் அடிக்கும் இடங்களில் தரையோடு ஓர் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். விறகு மூட்டுவது, சமைப்பது, இரவில் சுற்றி உட்கார்ந்து பேசுவது எல்லாம் அதைச் சுற்றித்தான். பழைய வளையங்களில் விறகு வெறும் தரைமேல் எரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு கட்டையைத் தள்ளிவிட வேண்டுமென்றால், உடம்பை மடித்துத் தீயின் மேலேயே குனிய வேண்டும். இப்போதைய விதிப்படி அமைக்கும் வளையத்தில், விறகு வைக்கும் தளம் தரையிலிருந்து குறைந்தது 9 அங்குலம் உயர்ந்திருக்கும். சுற்றிலும் 48 அங்குலம் இடம் விட்டிருக்கும். அனல் அடித்தால் நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொள்ளலாம்.

இந்த விதியின் வேர் 1968-இல் இருக்கிறது. அலாஸ்கா செனட்டர் பார்ட்லெட்டின் உதவியாளர் ஹியூ காலகர், இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். தலைநகரின் பொதுக் கட்டடங்களில் படிகள் அவரைத் தடுத்தன. அரசுப் பணத்தில் கட்டுவது எதுவானாலும் எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்ற சட்டத்தை உருவாக்கியதில் அவர் பங்கு பெரியது. ஆனால் அந்தச் சட்டத்தை எல்லோரும் கதவு, படிக்கட்டு, கழிப்பறை என்றே புரிந்துகொண்டார்கள். காட்டு மண்ணுக்கு அளவுகோல் யாரிடமும் இல்லை.

இதற்கிடையில், நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கேம்ப் ஜெனெட் என்றொரு கோடை முகாம் நடந்துவந்தது. மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான முகாம் அது. வீட்டில் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அங்கே பாடினார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கலாம் என்ற துணிவு அங்கே அவர்களுக்கு வந்தது. அங்கே வளர்ந்தவர்களில் ஒருவர் ஜூடித் ஹூமன். 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தில், மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 504-ஆம் பிரிவுக்கு விதிமுறை வகுத்துக் கையெழுத்திடாமல் அரசு இழுத்தடித்தபோது, 1977-இல் நூறுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் வெளியேற மறுத்தார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர்களில் ஹூமனும் ஒருவர். கையெழுத்து விழுந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்: சட்டம் அவர்களை முகாமுக்கு அனுப்பவில்லை, முகாம்தான் அவர்களைச் சட்டத்தை நோக்கி அனுப்பியது.

1990-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் வெளிப்புற இடங்களுக்கு அளவு எழுதும் வேலை சூடுபிடித்தது. 1997-இல் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் பூங்காத் துறைகளும் ஒரே குழுவாக உட்கார்ந்தன. சிக்கல் மண்ணில்தான். சரிவில்லாத தரையில் மழைநீர் தேங்கும், சரிவு கூடினால் நாற்காலி உருளும். சிமென்ட் போட்டால் காடு காடாக இருக்காது. தரை கெட்டியாக, சக்கரம் புதையாமல் இருந்தால் போதும் என்று முடிவானது. இலையும் சருகும் விழும் இடத்தில் வழுக்காத தரை கேட்பதில் பொருளில்லை என்பதால் அதை விட்டுவிட்டார்கள். நிலம் இடம் கொடுக்காத இடங்களுக்கு விலக்கும் வைத்தார்கள். இது சமரசமாகத் தோன்றலாம், ஆனால் காட்டை அறிந்தவர்கள் எழுதிய விதி என்பதற்கு இதுவே சான்று.

வனத்துறை காத்திருக்காமல் 2006-இல் தனக்கென விதிகளை வெளியிட்டது. மத்திய அரசு முழுமைக்குமான விதிகள் 2013-இல் வந்தன. கூடாரம் போடும் மேடை 19 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் நாற்காலியிலிருந்து அப்படியே நகர்ந்து மேடைக்குப் போக முடியும். 100 முகாமிடங்கள் இருந்தால் அவற்றில் குறைந்தது 5 இப்படி அமைய வேண்டும். அவற்றையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட முடியாது. மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே வகைத் தேர்வு, மற்றவர்களோடு கலந்த இடத்திலேயே இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய விதி எனக்கு இதுவே.

1968-லிருந்து 2013 வரை, 45 ஆண்டுகள். காலகர் இதைப் பார்க்கவில்லை, 2004-இலேயே காலமாகிவிட்டார். இவ்வளவு பாடுபட்டு வந்த இந்த விதிகளும் மத்திய அரசின் நிலங்களை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. மாநிலப் பூங்காக்களும் நகரப் பூங்காக்களும் விரும்பினால் பின்பற்றலாம், கட்டாயமில்லை. குடும்பங்கள் அடிக்கடி போவது வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குத்தான். அங்கே இந்த 9 அங்குலத்தை நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைத்திருப்பது அநீதி.