யார் கணக்கில் வரவு? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து அறிவியல் வழிகாட்டல் திட்டங்களும் பெண்களின் பணிச் சாதனையும்

2012 ஏப்ரல் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-19 ராக்கெட் ரிசாட்-1 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. எடை 1,858 கிலோ. மேகம் மூடியிருந்தாலும் இரவானாலும் தரையைப் படமெடுக்கக்கூடிய ரேடார் செயற்கைக்கோள்களில், முழுக்க இங்கேயே உருவான முதல் கோள் அது. அதன் திட்ட இயக்குநர் என். வளர்மதி அரியலூரில் பிறந்தவர். அவ்வூர் நிர்மலா பெண்கள் பள்ளியில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுநிலையும் முடித்து, 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2015இல் தமிழ்நாடு அரசு அப்துல் கலாம் பெயரில் விருது ஏற்படுத்தியபோது அதை முதலில் பெற்றவரும் அவரே.

பெரம்பலூர், அரியலூர் மாணவிகளிடம் எடுத்துக்காட்டாகச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. சிக்கல் அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. சிறிய ஊர், கெட்டிக்காரப் பெண், கடும் உழைப்பு, பிறகு ராக்கெட் என்று கதை ஓடிவிடும். 1984க்கும் 2012க்கும் இடையே கிடக்கும் 28 ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. ஒரு பெண்ணின் பணிச் சாதனை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடந்தது. வழிகாட்டல் திட்டங்கள் மாணவிகளுக்கு ஆர்வமூட்டுவதைச் சாதனையாக எண்ணிக் கணக்கு முடிக்கின்றன. பெண்களுக்காகப் பொறுப்பேற்று அவர்களை அடுத்த படிக்கு ஏற்றிவிடும் வேலையையும், அந்த வேலையைச் செய்யும் பெண்களின் உழைப்பையும் கணக்கில் கொள்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த 28 ஆண்டுகளில் நடந்தது என்ன? இன்சாட்-2ஏ, ஐ.ஆர்.எஸ்.-1சி, ஐ.ஆர்.எஸ்.-1டி, டெஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்களில் அவருக்கு வேலை கிடைத்தது. விண்வெளித் துறையில் அறிவியலாளரின் பதவி உயர்வு, மேலே இடம் காலியாகும்வரை காத்திருப்பதில்லை. செய்த பணியை மதிப்பீட்டுக் குழு பார்த்து முடிவு செய்கிறது. இந்த ஒரு விதி, பெண்களுக்கென்று எழுதப்படாமலே, பெண்களுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது என்பது என் கணிப்பு. 2011இல் ஜிசாட்-12 திட்டத்தை டி.கே. அனுராதா நடத்தினார். இஸ்ரோவில் ஒரு செயற்கைக்கோள் திட்டத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். அடுத்த ஆண்டே வளர்மதி. 2019இல் சந்திரயான்-2 திட்ட இயக்குநராக எம். வனிதா. 2023இல் ஆதித்யா-எல்1 திட்டத்தை நிகர் ஷாஜி நடத்தினார். செங்கோட்டையில் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் என்று அவர் பாதையும் சிற்றூரில் தொடங்கியதுதான். இதை வைத்து இஸ்ரோவைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம்: அதன் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை. ஆனாலும், பொறுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தரும் நிறுவனம் ஒன்று இருந்தால் அரியலூரும் செங்கோட்டையும் தாமாக மேலே வருகின்றன என்பதற்கு இது போதிய சான்று.

நிறுவனவியல் ஆய்வுகள் இந்த வேறுபாட்டை முன்பே பிடித்திருக்கின்றன. கேத்தி க்ராம் 1985இல் வெளியிட்ட நூலில், வழிகாட்டியின் வேலையை இரண்டாகப் பிரித்தார்: மனத்துணையாக இருப்பது ஒன்று, பணியில் ஏற்றிவிடுவது மற்றொன்று. ஹெர்மினியா இபாராவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் காட்டியது அதன் கசப்பான தொடர்ச்சி: பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் குறைவில்லை, பதவி உயர்வு முடிவாகும் அறைக்குள் அவர்கள் பெயரை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. தாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவியர் 150 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த மாணவி ஒருவரை வழிகாட்டியாகப் பெற்றவர்களில் ஒருவர்கூட அந்த ஆண்டு பொறியியலை விட்டு விலகவில்லை. ஆண் வழிகாட்டி வாய்த்தவர்களில் 18 சதவீதத்தினரும், வழிகாட்டியே இல்லாதவர்களில் 11 சதவீதத்தினரும் விலகினார்கள். அங்கே வழிகாட்டியாக இருந்தவர்கள் புகழ்பெற்ற அறிவியலாளர்கள் அல்லர். இரண்டு மூன்று வகுப்பு மேலே படித்தவர்கள். பொன்னாடை போர்த்தி நினைவுப் பரிசு வழங்கி, குழுப்படம் எடுத்துக்கொள்ளும் நம் விழா மரபுக்கு இந்த முடிவு அவ்வளவு உகந்ததல்ல.

தமிழ்நாட்டின் முதல் எடுத்துக்காட்டும் இதையே சொல்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதா, இளம் கைம்பெண், கைக்குழந்தையின் தாய். அவர் தந்தை பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரிப் பேராசிரியர், முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். லலிதாவுக்குக் கிடைத்தது ஊக்கவுரை அன்று, பரிந்துரை. அதுவும் தந்தை பேராசிரியராக இருந்ததால் கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டக் குன்னத்திலோ அரியலூர் மாவட்ட ஆண்டிமடத்திலோ பிறக்கும் பெண்ணுக்கு அந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்பதே பொதுத் திட்டங்களின் முன்னுள்ள கேள்வி.

அந்த மண்ணின் கணக்கைப் பார்ப்போம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில எழுத்தறிவு 80.1 சதவீதம், பெரம்பலூரில் 74.3, அரியலூரில் 71.3. இவற்றைவிட உறுத்துவது வேறு எண். ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு மாநிலத்தில் 943 பெண் குழந்தைகள் இருந்தபோது, பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. பிறக்கும் உரிமையிலேயே பின்தங்கிய இடத்தில் ஆய்வகம், ஆர்வம் என்று தொடங்குவது வழியின் நடுவிலிருந்து பயணத்தைத் தொடங்குவதாகும். அந்தக் கணக்கெடுப்பின் குழந்தைகள் இன்று கல்லூரி வயதை எட்டியவர்கள் அல்லது எட்டிக்கொண்டிருப்பவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை, 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை படிக்கும் மாணவியருக்காக 2019இல் விக்யான் ஜோதியைத் தொடங்கியபோது ஜவகர் நவோதயா பள்ளிகளை மையமாகக் கொண்டது. மொழிக் கொள்கையை முன்னிட்டுத் தமிழ்நாடு அப்பள்ளிகளை ஏற்கவில்லை. கொள்கையின் நியாயத்தைப் பேச இது இடமன்று. ஒரு திட்டத்தின் வாசல் எந்தப் பள்ளியில் வைக்கப்படுகிறது என்பதே யார் உள்ளே வருவார் என்பதை முடிவு செய்துவிடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். மாநில அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் வேறு வழியில் போனது. 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களை இருசக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்கே செல்கிறார்கள். நவோதயா போன்ற ஒற்றை வாசல் இதற்கு இல்லை.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது இவற்றுக்கெல்லாம் மூத்தது: 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, வீடு வீடாகக் கேட்டு எழுதி, அளந்து, அறிக்கையாக்கி மாவட்ட அளவில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர். பெண் பிள்ளைகள் குழுவில் அந்த ஆசிரியை செய்யும் வேலையை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. மக்காச்சோளக் காட்டில் படைப்புழு எவ்வளவு தின்றது என்று எண்ணச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலையில் பாதிகூட இல்லை. குழு மாவட்டத்தில் தேர்வாகி மாநில மாநாட்டுக்கு வெளியூர் போக வேண்டும் என்றதும், "வயசுப் பிள்ளையை எப்படிங்க அனுப்புறது" என்று வீட்டில் கதவு சாத்திக்கொள்ளும். ஆசிரியை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விட்டுடறேங்க" என்று சொல்வார். சொன்ன சொல்லுக்குத் தன் பெயரையே ஈடு வைக்கிறார். க்ராம் சொன்ன பணியில் ஏற்றிவிடும் வேலை நம் ஊரில் நடப்பது இந்தத் திண்ணையில்தான்.

இந்த வேலை அந்த ஆசிரியையின் பணிப் பதிவில் எங்கே ஏறுகிறது? ஏறுவதில்லை. அரசுப் பள்ளியில் பதவி உயர்வு பணிமூப்பைச் சார்ந்தது. நல்லாசிரியர் விருது சிலருக்கு மட்டும். வானவில் மன்றக் கருத்தாளர்களோ திட்டத்துக்காக அமர்த்தப்பட்டவர்கள். திட்டம் உள்ளவரைதான் பணி. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டம் பெற்றவர்கள் ஏராளம். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற மாணவிக்கும் மாதம் 1,000 ரூபாய். படிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் அந்தத் தொகை பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆனது, மிக நல்ல திட்டம். ஆனால் படித்து முடித்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் பெண்ணுக்கும் அதே தொகை என்றால், அவர் உழைப்பை அரசு பணியாகப் பார்க்கவில்லை, பொழுதுபோக்காகப் பார்க்கிறது. நாட்டளவில் அறிவியல், பொறியியல் படிப்புகளில் சேர்வோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெண்கள் என்றும், ஆய்வுப் பணியில் இருப்போரில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு என்றும் அரசே புள்ளிவிவரம் வெளியிடுகிறது. விடுபட்டவர்களில் பலர் காணாமல் போய்விடவில்லை. அவர்களைத் திண்ணையிலும் தெருமுனை வகுப்பிலும் பார்க்கலாம்.

தனிமனிதப் பொறுப்பேற்பின் எல்லையையும் இதே மண்தான் காட்டியது. பெரம்பலூர் ஆட்சியராக இருந்த தாரேஸ் அகமது, அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்து பிளஸ் டூவுக்குத் தனிப் பயிற்சி தரும் 'சூப்பர் 30' திட்டத்தைத் தொடங்கினார். மதிப்பெண்ணே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாசலாக இருந்த காலம் அது. அந்த வாசலை அறிந்தவர்கள் பிள்ளைகளை அதை நோக்கிக் கூட்டிச் சென்றார்கள். 2017இல் நீட் நுழைவுத் தேர்வால் மருத்துவத்தின் வாசலே இடம் மாறியது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1,200க்கு 1,176 எடுத்தும் இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம்வரை போய், அந்த செப்டம்பர் 1 அன்று இறந்தார். பள்ளிகளும் பயிற்சியாளர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த வழிகாட்டும் அறிவு ஒரே பருவத்தில் பழையதாகிப்போனது. ஊக்கம் குறைந்து விழுந்தவர் அல்லர் அனிதா. "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்ற தொனியில் வழிகாட்டல் பேசத் தொடங்கும் கணத்தில், அமைப்பின் குற்றத்தைப் பெண்ணின் தலையில் கட்டத் தொடங்கிவிடுகிறது.

பொறுப்பேற்பு என்பது சிபாரிசுக்கு நாகரிகமான பெயர்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. லலிதாவின் தந்தை செய்தது சிபாரிசுதான். ஆனால் ஒருவர் மட்டும் அறிந்த வழியைப் பலர் பார்க்கும்படி விதியாக்கினால் அது சிபாரிசாக நிற்பதில்லை. இஸ்ரோவின் பதவி உயர்வு முறை அப்படிப்பட்டது. இன்னொரு அச்சமும் நியாயமானது: வழிகாட்டலை அளக்கத் தொடங்கினால், ஏற்கெனவே எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளப் பதிவேற்றத்தில் மூழ்கிக்கிடக்கும் ஆசிரியைக்கு இன்னொரு கட்டம் நிரப்பும் வேலை சேரும். அளக்க வேண்டியது எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அன்று. ஒரு மாணவி ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறார், அவருக்காக யார் கையெழுத்திட்டார், அந்தக் கையெழுத்துக்குப் பணியில் என்ன மதிப்பு தரப்பட்டது என்பதை.

கடைசியாக, இம்மாவட்டங்களின் சொந்தத் தொழில்நுட்பம். காரைப் பள்ளத்தாக்குகளும், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவித்த சாத்தனூர்க் கல்மரமும், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகமும் இங்கு இருக்கின்றன. இங்கே கடல் கிடந்த காலத்தின் சுண்ணாம்புக்கல்லே அரசின் டான்செம் ஆலையிலிருந்து தனியார் ஆலைகள்வரை அரியலூரை சிமென்ட் ஊராக்கியது. வேதியியல், புவியியல், இயந்திரவியல், சுரங்கவியல் படித்தவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை உண்டு. ஆனால் 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, காலை 6 முதல் இரவு 7 மணிவரை தவிர மற்ற நேரத்தில் திறந்தவெளிச் சுரங்கத்திலும் பெண்களை அமர்த்தத் தடை விதித்திருந்தது. மூன்று முறைப் பணியில் இரண்டில் நிற்க முடியாத பொறியாளரை மேற்பார்வையாளராக உயர்த்த எந்த நிர்வாகம் முன்வரும்? அரியலூர்ப் பெண்ணை அவள் ஊர்ச் சுரங்கத்திலிருந்து விலக்கி வைத்ததில், ஆர்வக் குறைவைவிட அந்தப் பிரிவுக்கே பங்கு அதிகம். 2019 ஜனவரியில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்தியது: பெண் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும், ஒரு முறைப் பணியில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்க வேண்டும் என்பன அப்போதைய நிபந்தனைகள். அதன்பின் இரு மாவட்டச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் தொழில்நுட்பப் பணிக்கு எத்தனை பெண்கள் எடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் மேற்பார்வைப் பொறுப்புக்கு உயர்ந்தார்கள் என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போதும்.