வயலைக் கண்டு வந்த ஆசிரியர்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வேளாண்மை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது பெரிதும் பொருந்தும். மாணவன் வயலில் இறங்கிக் கற்க வேண்டுமாயின், ஆசிரியர் பிறர் வயல்களைக் கண்டவராக இருத்தல் வேண்டும். இதற்காகவே கல்விச் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. கண்டு திரும்பினால் மட்டும் போதுமா? அமெரிக்க நாட்டு இளம் உழவர் இயக்கத்தின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

சீமன் நாப் (1833–1911) என்பவர் அயோவா வேளாண் கல்லூரியில் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கியவர். பின்னர் அவர் லூசியானா மாநிலத்தில் குடியேறினார். அங்கே விளைந்த நெல், ஆலையில் தீட்டும்போது மிகுதியாக நொறுங்கிப் போயிற்று. உழவர்க்கு இதனால் பெரும் இழப்பு. நொறுங்காத நெல் எங்கே கிடைக்கும்? இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு, 1898ஆம் ஆண்டில் அரசின் சார்பில் அவர் சப்பான் நாட்டுக்குப் பயணமானார். குட்டையும் உறுதியுமான மணி கொண்ட கியூசு நெல்லுடன் திரும்பினார். காட்சிகளைக் கண்டு களிக்கச் சென்றிருந்தால், அந்த நெல் அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே.

விதையைக் கொண்டு வருவது எளிது. உழவனின் மனத்தை மாற்றுவதுதான் அரிது. அரசுப் பண்ணையில் விளைச்சல் பெருகினாலும், அரசுப் பணத்தால் ஆனது என்று உழவர்கள் அதனை ஒதுக்கினர். ஆகவே 1903ஆம் ஆண்டில், டெக்சாசு மாநிலத்து டெரல் என்னும் ஊரில், நாப் புதுவழி ஒன்றைக் கண்டார். உழவர் ஒருவர் தம் சொந்த நிலத்தில், தம் கையாலேயே புதிய முறைகளைக் கையாண்டார். இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்ய ஊரார் ஏறத்தாழ 1,000 டாலர் திரட்டி வைத்தனர். அப்பணம் தேவைப்படவே இல்லை. வழக்கத்தினும் சுமார் 700 டாலர் மிகுதியாகவே வருவாய் கிடைத்தது. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு உழவர்களை வாட்டிய அக்காலத்தில், இம்முறை தென்மாநிலங்கள் எங்கும் பரவலாயிற்று.

தந்தையர்க்குப் பயன்பட்ட வழி மைந்தர்க்கும் பயன்படாதா? மிசிசிப்பி மாநிலத்தின் ஓம்சு வட்டத்துப் பள்ளிக் கண்காணிப்பாளர் வில்லியம் சுமித் 1907ஆம் ஆண்டில் சிறுவர் மக்காச்சோளக் கழகத்தைத் தோற்றுவித்தார். நாப் அம்முயற்சியைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றார். 1910இல் தெற்குக் கரோலினாச் சிறுவன் ஒருவன் ஒரே ஏக்கரில் 228¾ புசல் சோளம் விளைவித்தான். அந்நாளில் நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புசலைக்கூட எட்டவில்லை!

அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்னும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியை இருந்தார். ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்குச் சென்றவர், சிறுவர் கழகங்களைப் பற்றிய உரையை அங்கே கேட்டார். சிறுமியர்க்கு என்ன வழி என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. ஊர் திரும்பியதும், 1910ஆம் ஆண்டில், சிறுமியர் தக்காளிக் கழகத்தைத் தொடங்கினார். ஒவ்வொருத்தியும் பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் தக்காளி பயிரிட்டு, பழத்தைத் தகரக் குவளைகளில் அடைத்து விற்றாள். கேட்டதை அப்படியே படியெடுக்காமல், தம் மாணவியர்க்கு ஏற்ப மாற்றி அமைத்ததே அவ்வாசிரியையின் பெருமை.

1917ஆம் ஆண்டுச் சட்டம், உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை பயில்வோர் ஆண்டுதோறும் குறைந்தது ஆறு மாதம் பண்ணைப் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தது. 1926 முதல் ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கான்சசு நகரத்துக் கால்நடைக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றனர். வெவ்வேறு மாநிலத்தார் அங்கே ஒருவரை ஒருவர் அறிந்தனர். 1928ஆம் ஆண்டில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் அந்நகரில் கூடி, வருங்கால உழவர் கழகத்தை நிறுவினர்.

அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. இனப் பிரிவினை நிலவிய மாநிலங்களில் கறுப்பின மாணவர்க்கு அதில் இடம் இல்லை. அவர்களுடைய தனிக் கழகம் 1965இல்தான் இதனோடு இணைந்தது. பெண்கள் நாடு தழுவிய அளவில் உறுப்பினராக 1969 வரை காத்திருக்க நேர்ந்தது. குரோமர் 1910இல் கண்டதைக் காணக் கழகத்தார்க்கு இத்தனை ஆண்டுகள் ஆயின!

நாப் விதை நெல் பெற்று வந்த சப்பான் நாட்டிலும், 1950ஆம் ஆண்டில், வேளாண் பள்ளி மாணவர்க்கு இத்தகைய கழகம் ஒன்று எழுந்தது. அறிவும் விதையைப் போலக் கடல் கடந்து செல்வது. விழுந்த மண்ணுக்கேற்ப முளைப்பது.

ஆகவே, சுற்றுலாவின் பயனை ஆசிரியரின் குறிப்பேட்டில் தேடுதல் வேண்டா. என்ன கேள்வியோடு சென்றார், திரும்பியபின் மாணவனின் பாத்தியில் என்ன மாறியது என்னும் இரண்டையும் கேட்டால் போதும். நாப், குரோமர் ஆகிய இருவரும் அவ்விரண்டுக்கும் விடை வைத்திருந்தனர். பயணம் புறப்படும் ஆசிரியப் பெருமக்கள் இதனை மனத்திற் கொள்வாராக.