சொற்குருடு: இங்கிலாந்துப் பள்ளிகளில் டிஸ்லெக்சியாவின் வரலாறு

பார்வையிலும் அறிவிலும் குறையில்லாத ஒருவர் எழுத்துகளைச் சொற்களாகச் சேர்த்து வாசிக்க முடியாமல் திணறும் நிலைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் வைத்த பெயர் சொற்குருடு. இன்று அது டிஸ்லெக்சியா என்றும், தமிழில் கற்றல் குறைபாடு என்ற பொதுப்பெயராலும் அழைக்கப்படுகிறது. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்நிலை இருக்கக்கூடும் என்று இங்கிலாந்தில் 1896-ல் ஒரு மருத்துவர் எழுதினார். அதைக் கவனிக்கத் தவறினால் கல்வி நிர்வாகம் பதில்சொல்ல நேரும் என்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட நூறாண்டுகளின் பெரும்பகுதி, அந்தக் குழந்தைக்கு உதவுவது யாருடைய பொறுப்பு என்ற கேள்வியிலேயே கழிந்தது.

பின்னணி

வாசிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக உள்ள சமூகத்தில் வாசிப்புக் குறைபாடு ஒருவரைத் தனித்துக் காட்டுவதில்லை. இங்கிலாந்தில் 1870-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880-ல் ஐந்து முதல் பத்து வயது வரையான குழந்தைகள் பள்ளிக்கு வருவது கட்டாயமாக்கப்பட்டது. முன்னதாக 1862 முதலே அரசு மானியம் மாணவர்களின் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்ச்சியைப் பொறுத்து வழங்கப்பட்டது. வாசிக்காத மாணவன் பள்ளிக்கு வருமான இழப்பாகவே பார்க்கப்பட்டான். அவனுக்கு மந்தபுத்தி அல்லது சோம்பேறி என்ற பெயரே கிடைத்தது.

மருத்துவத்தில் இந்நிலை முதலில் பெரியவர்களிடம் கவனிக்கப்பட்டது. மூளையில் காயமோ பக்கவாதமோ ஏற்பட்ட சிலர் பேச்சை இழக்காமல் வாசிப்பை மட்டும் இழந்தனர். ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1877-ல் இதைச் சொற்குருடு என்றார். ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887-ல் டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கினார்.

பெர்சி

கிளாஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் சொற்குருடு பற்றி 1895-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான சீஃபோர்டில் தான் கண்ட சிறுவனைப் பற்றி 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர் அச்சிறுவனை பெர்சி என்று குறிப்பிடுகிறார்.

பெர்சிக்கு வயது பதினான்கு. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தவன். விளையாட்டில் சுறுசுறுப்பானவன். ஆனால் மிகச்சிறிய சொற்களுக்கு மேல் அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்துகள் இடம்மாற ‘பிரெசி’ என்று எழுதினான். அதேசமயம் ஒன்பது இலக்க எண்களைத் தடையில்லாமல் வாசித்தான், இயற்கணிதக் கணக்கைப் போட்டான்.

மார்கனின் குறிப்பில் மற்றொரு முக்கியமான செய்தி உண்டு. பாடங்கள் எல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியிருந்தார். மாணவனின் திறமை எங்கே உள்ளது, தடை எங்கே உள்ளது என்பதை அந்த ஆசிரியர் சரியாகவே அறிந்திருந்தார். அதற்கேற்பப் பாடத்தையும் தேர்வையும் மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, பள்ளிக்குக் கடமையும் இல்லை.

கற்பிக்கும் முறை

ஹின்ஷல்வுட் 1917-ல் பிறவிச் சொற்குருடு பற்றித் தனிநூல் வெளியிட்டார். இக்குழந்தைகளுக்குத் தனிப்பட்ட முறையில் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய நிலைபாடு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925-ல் பள்ளிக் குழந்தைகளின் சொற்குருடு பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் 1930-களில் ஒரு பயிற்சிமுறையை வகுத்தனர்.

எழுத்தைக் கண்ணால் பார்த்து, அதன் ஒலியை வாயால் சொல்லிக் காதால் கேட்டு, கையால் எழுதிப் பழகுவது அம்முறை. ஒலியும் எழுத்தும் சேரும் விதிகள் எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாகக் கற்பிக்கப்படும். ஒன்று பதிந்த பிறகே அடுத்தது வரும். இங்கிலாந்தில் பின்னர் உருவான பல பயிற்சிமுறைகளுக்கு இதுவே அடிப்படை. ஆக, இரண்டாம் உலகப்போருக்கு முன்பே நிலைக்குப் பெயர் இருந்தது, கற்பிக்க முறையும் இருந்தது.

பட்டியலில் இல்லாத பெயர்

1944-ன் கல்விச் சட்டம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வி அளிக்கும் பொறுப்பை உள்ளூர்க் கல்வி நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. யாருக்கு உதவி என்பதை 1945-ன் விதிகள் வகுத்தன. பார்வையின்மை, காதுகேளாமை, வலிப்பு, பேச்சுக் குறைபாடு என்று பதினொரு பிரிவுகள் அதில் இருந்தன. வாசிப்புக் குறைபாடு இல்லை. பெற்றோர் உதவி கேட்டால் மறுப்பதற்கு இந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது.

1962-ல் லண்டனில் ஒரு தொண்டு அமைப்பு சொற்குருடு மையத்தைத் தொடங்கியது. சந்தியா நாயுடு இதன் இயக்குநர்களில் ஒருவர். அங்கு நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் அவர் எழுதிய நூல் 1972-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் உருவாயிற்று.

டிஸ்லெக்சியா என்ற சொல் பிரிட்டிஷ் சட்டம் ஒன்றில் இடம்பெற்றது 1970-ல். ஆல்ஃப்ரெட் மாரிஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவால் உருவான சட்டம் அது. கடுமையான டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கான கல்வி வசதி பற்றி அதன் ஒரு பிரிவு பேசியது. ஆனால் 1972-ல் ஜாக் டிஸார்ட் தலைமையிலான அரசுக் குழு அப்பெயரை ஐயத்துடன் அணுகியது. குறிப்பிட்ட வாசிப்புச் சிக்கல் என்ற சொல்லே பொருத்தமானது என்றது. வசதியுள்ள பெற்றோர் தங்கள் பிள்ளையின் மந்தத்தை மறைக்கக் கண்டுபிடித்த சொல் என்ற ஏளனமும் நிலவியது. அந்த ஏளனத்தால் மிகவும் பாதிக்கப்பட்டவை ஏழைக் குடும்பங்கள். வசதியுள்ளவர்கள் தனியாகப் பரிசோதனை செய்து தனி ஆசிரியரை அமர்த்திக்கொள்ள முடிந்தது.

வார்னாக் அறிக்கை

தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழுவின் அறிக்கை 1978-ல் வெளியானது. குறைபாடுகளின் பட்டியலையே கைவிடவேண்டும் என்றது அவ்வறிக்கை. ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப் பருவத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படும் என்றும், குழந்தைக்கு என்ன தேவை என்பதே கேள்வியாக இருக்கவேண்டும் என்றும் வாதிட்டது. இதன் அடிப்படையில் 1981-ல் புதிய கல்விச் சட்டம் வந்து 1983-ல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி, தேவை அதிகமுள்ள குழந்தையைக் கல்வி நிர்வாகம் முறையாக மதிப்பிட்டு, என்ன உதவி அளிக்கப்படும் என்பதை எழுத்தில் தரவேண்டும். பெற்றோர் மதிப்பீடு கோரலாம், முடிவை எதிர்த்து முறையிடலாம். 1993-ன் சட்டம் முறையீடுகளைக் கேட்கத் தனித் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது. அது 1994-ல் செயல்படத் தொடங்கியது. பெற்றோரின் வேண்டுகோள் உரிமைக் கோரிக்கையாக மாறியது இந்தக் காலகட்டத்தில்தான்.

ஹில்லிங்டன் வழக்கு

சட்டம் இருந்தும் மதிப்பீடு பிழையானால் என்ன ஆகும்? லண்டனின் ஹில்லிங்டன் பகுதியில் ஒரு மாணவி வாசிக்கத் திணறினார். கல்வி நிர்வாகத்தின் உளவியலாளர் 1985-ல் அவரைப் பரிசோதித்தார். குறிப்பிட்ட குறைபாடு ஏதுமில்லை என்று அறிக்கை தந்தார். 1990-ல், பள்ளியை விட்டு வெளியேறும் தறுவாயில், அம்மாணவிக்கு டிஸ்லெக்சியா இருப்பது தனிப் பரிசோதனையில் தெரியவந்தது. அவர் வழக்குத் தொடுத்தார்.

1997-ல் உயர்நீதிமன்றம் சுமார் 45,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-ல் அதை ரத்து செய்தது. உளவியலாளர் நிர்வாகத்துக்கே ஆலோசனை சொன்னார், மாணவிக்கு நேரடியாகப் பொறுப்பேற்கவில்லை என்பது அதன் பார்வை. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபையின் ஏழு நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றி இழப்பீட்டை மீண்டும் உறுதிசெய்தனர். குழந்தையைப் பரிசோதிக்கும் நிபுணருக்கு அக்குழந்தையிடமே கடமை உண்டு, அவர் தவறினால் அவரை நியமித்த நிர்வாகமும் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

பள்ளிகள் அளிக்கும் உதவி

இன்று இங்கிலாந்தில் 2010-ன் சமத்துவச் சட்டமும் 2014-ன் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டமும் இவ்வுதவிக்கு அடிப்படை. ஒலி-எழுத்துப் பயிற்சி, வினாத்தாளை வாசித்துக் காட்டுதல், கணினியில் விடையெழுத அனுமதி ஆகியவை வழக்கமான ஏற்பாடுகள். தகுதியுள்ள மாணவருக்குத் தேர்வில் பொதுவாக 25 விழுக்காடு கூடுதல் நேரம் தரப்படுகிறது. பாடத்தின் கடினம் இதனால் குறைவதில்லை. மாணவர் அறிந்ததை வெளிப்படுத்தும் வழி மட்டுமே மாறுகிறது.

இந்தியாவில்

இந்தியாவிலும் பட்டியலே முதல் தடையாக இருந்தது. 1991-ல் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற ஏழு குறைபாடுகளில் டிஸ்லெக்சியா இல்லை. 2016-ன் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. அச்சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உள்ளன. இவற்றைப் பெறப் பெற்றோர் மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மதிப்பீடு

பெர்சியின் ஆசிரியர் 1896-லேயே அறிந்திருந்ததைச் சட்டமாக்க இங்கிலாந்துக்கு எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பள்ளிக்குச் சென்ற பல தலைமுறைக் குழந்தைகள் தங்களை அறிவற்றவர்கள் என்று நம்பியே வளர்ந்தனர். மருத்துவ அறிவு பள்ளிக்குள் நுழைய, அதைப் பள்ளியின் கடமையாக எழுதிவைக்கும் சட்டமும், அக்கடமையைக் கேட்டுப்பெறும் பெற்றோரும் தேவைப்பட்டார்கள் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.