தொப்பி அணிந்த வீரனும் தீவகத்துப் பேச்சும்

வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்துள்ள, ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவிலும் அதன் அயல்தீவுகளிலும் (இவை சேர்ந்த பகுதியே தீவகம்) வாழ்ந்தோர்க்குத் தமிழ்த் திரைப்படம் என்பது பெரும்பாலும் சென்னையில் உருவாகி யாழ்ப்பாண நகரின் படமாளிகைகளில் ஓடிய படமாகவே நெடுங்காலம் இருந்தது. அச்சென்னையில், அமெரிக்க மேற்கு நிலத்து மாட்டிடையரையும் துப்பாக்கி வீரரையும் காட்டும் கௌபாய்ப் படங்களைப் பின்பற்றி, கர்ணன் இயக்க ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) முதலியன வெளிவந்தன. 1964இல் செர்ஜியோ லியோனி எடுத்த படத்தால் புகழ்பெற்ற இத்தாலியக் கௌபாய்ப் படங்களில் நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, குரல் பின்னர் சேர்க்கப்பட்டதால், உதடும் வசனமும் ஒட்டாது நின்றன. தமிழில் உதடு ஒட்டியது. ஆனால் தொப்பியணிந்து குதிரையேறிய வீரன் நாடக மேடைக்குரிய அடுக்குவசனம் பேசியமையால், அவன் எந்த ஊரான் என்பதே புலப்படவில்லை. துப்பாக்கியைக் காட்டிலும் ஊரற்ற அப்பேச்சே இப்படங்களின் பெரும் பொய் எனலாம்.

குதிரைக்குத் தீவகத்தில் பஞ்சமில்லை. ஐரோப்பியர் ஆட்சியில் நெடுந்தீவில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகள் அங்கு இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. பஞ்சம் வசனத்தில்தான் இருந்தது. இலங்கையில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில், ‘ஓம்’ என்றும் ‘வாங்கோ’ என்றும் பேசும் மாந்தர் திரையில் மட்டும் சென்னைத் தமிழ் பேசினர். இந்தியப் படங்களோடு போட்டியிட நேர்ந்த தயாரிப்பாளர்கள், பார்வையாளருக்குப் பழகிய பேச்சே பாதுகாப்பானது எனக் கருதியிருக்கலாம்.

இந்நிலை 1970களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட காவலூர் இராசதுரை எழுத, சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977) யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் சீதனச் சிக்கலையும் சாதித் தடையையும் உரத்த வசனமின்றிக் காட்டியது. மறு ஆண்டில், நெடுந்தீவில், வாடி எனப்படும் பருவகாலக் கொட்டில் அமைத்துத் தொழில் செய்யும் மீனவரைப் பற்றிச் செங்கை ஆழியான் எழுதிய ‘வாடைக்காற்று’ நாவல், பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமாயிற்று. ‘பொன்மணி’ வசூலில் தோற்றது. ஆயினும் ஈழத்துத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் முதன்மையாக எடுத்துப் பேசும் படங்களுள் அது இன்றும் ஒன்று.